“போயிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஹாஜிரா பீவி,
க/பெ. முகம்மது கனி,
வளையல் கடை,
நத்தர்ஷா பள்ளிவாசல் அருகில்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கலெக்டர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: அயல்நாட்டார் பிரவேசம் – ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து, தனுஷ்கோடி வழியாக இலங்கை சென்று திரும்பிய என் கணவர் இந்தியாவுக்குள் அனுமதிக்கப்படாமை – திரும்பி வரும் எண்ணத்தை அவர் வாய்மொழியாகத் தெரிவித்திருந்தமை – மறுபடி நுழைய அனுமதி கிடைக்கப் பரிந்துரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேலிடத்துக்கு நான் அனுப்பிய இரண்டு மனுக்களும், அவற்றுக்கு வந்த இரண்டு பதில்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி விலாசத்தில் வளையல் கடை வைத்துப் பிழைத்து வரும் நான் தங்களுக்குப் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இந்தியப் பிரஜை. என் கணவர் முகம்மது கனி பர்மா தேசத்துப் பிரஜை. ஆகவே சட்டப்படி அவர் என் வீட்டுக்கு வரும்போது அயல்நாட்டுப் பார்வையாளர் ஆகிறார். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே தெருவில் என்னை நிக்காஹ் செய்துகொண்ட மனிதரை இப்படிக் குறிப்பிட எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் மனுவில் சரியான சொல்லைப் போட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னதால் போட்டிருக்கிறேன்.

2. அவருக்கு ரங்கூனில் குடைக் கடை. யுத்தத்தில் குண்டு விழுந்தபோது எல்லோரையும் போலக் காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்து சேர்ந்தார். இங்கே எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஜஹானாரா என்று ஒரு பெண் பிறந்தாள். யுத்தம் முடிந்ததும், விட்டுவந்த கடை என்ன ஆயிற்று என்று பார்த்து வருவதற்காக 1946-ல் புறப்பட்டுப் போனார். திருச்சி ஜங்ஷனில் குழந்தையை என் இடுப்பில் கொடுத்துவிட்டு, “போயிட்டு வரேன்” என்று சொன்னார். பிறகு அங்கே ஆட்சி மாறியது, சட்டம் மாறியது. கடையை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்நாட்டுப் பிரஜையாக வேண்டும் என்று ஆயிற்று. ஆனார். வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் வரமாட்டார், அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று தெருவில் பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். அதைப் பற்றி நான் அவரிடம் என்ன கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்பது எங்கள் வீட்டு விவகாரம். அது இந்த மனுவில் வராது.

3. இந்த வருஷம் ஜூலை மாதப் பிற்பகுதியில் அவர் வந்தார். தனியாகத்தான் வந்தார். மூன்று மாதம் தங்குவதற்கு ரங்கூனில் விசா வாங்கி, கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, அங்கே முத்திரை வாங்கிக்கொண்டு, ரயிலில் திருச்சிக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் குடை இருந்தது. பதினேழு வருஷம் தாமதம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வருகிறேன் என்று சொன்னவர் வந்தார் என்பதை ஐயா அவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். இந்த மனு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

4. எங்கள் மகள் ஜஹானாராவைச் சென்ற ஆண்டு கொழும்பில் ஜவுளி வியாபாரம் செய்யும் நசுருதீன் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அந்தக் கல்யாணத்துக்கு என் கணவரால் வர முடியவில்லை. பெண்ணுக்கு இது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் தாய் வீட்டார் போய் அழைத்து வர வேண்டும் என்பது எங்களவர்களிடமும் உள்ள வழக்கம். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. கடையைப் பூட்டிவிட்டுப் போவதானால் நான்தான் போக வேண்டும். பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் பெற்ற தகப்பனே வந்து சேர்ந்தபோது, வேறு யார் போவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. இரண்டு வயதில் பார்த்த பிள்ளையை, அவள் ஒரு பிள்ளைக்குத் தாயாகும் சமயத்தில் போய் அழைத்து வரப்போகிறோம் என்று அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முகத்தைச் சவரம் செய்துகொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, “அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா?” என்று என்னிடம் கேட்டார். குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள் என்றேன்.

5. இலங்கைக்குப் போவதற்கு வேண்டிய காரியங்கள் ஒன்றையும் அவர் விடவில்லை. இலங்கை அரசின் அனுமதியை முறைப்படி வாங்கினார். மண்டபம் முகாமில் இறங்கி வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட்டார். அம்மை குத்திக்கொண்ட சான்றிதழைக் காட்டினார். இத்தனை பேர் இத்தனை கேள்வி கேட்டார்கள். எல்லாம் அந்தப் பக்கம் நுழைவது பற்றிய கேள்விகள். இந்தப் பக்கம் திரும்ப நுழைவதற்குத் தனியாக ஓர் அனுமதி வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருகிறவன் தன் வீட்டுக் கதவைத் தட்டுவான், அனுமதி கேட்க மாட்டான் அல்லவா? விசாவில் மூன்று மாதம் என்று எழுதியிருந்தது. அது எங்கள் கண்ணில் பட்டது. அதற்குக் கீழே ஒரு முறை நுழைய மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததும், சென்னையில் கப்பலிலிருந்து இறங்கியபோதே அந்த ஒரு முறை தீர்ந்துவிட்டது என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

6. தனுஷ்கோடிப் படகுத்துறையில் வெளியே போகிறவர்களின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் மேசை ஒன்று உண்டு. அன்று அந்த மேசையில் இருந்தவர் அடைக்கலராஜ் என்ற அதிகாரி. முத்திரை வைத்து பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, என் கணவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையும் கூப்பி, “இன்ஷா அல்லாஹ், போயிட்டு வரேங்க” என்று சொன்னார். அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்து, “நல்லபடியா போயிட்டு வாங்க” என்று சொன்னார். இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் என் கையால் அடிக்கோடிட்டிருக்கிறேன். ஐயா அவர்கள் தயவுசெய்து இதை மறுமுறை வாசிக்க வேண்டும்.

7. என் கணவருக்கு அந்த வார்த்தையில் எவ்வளவு சந்தோஷம் என்பதை என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரங்கூனில் கடைக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்றே சொல்லிவிட்டுப் போவார்களாம். அவர்கள் பாஷையில் அதுதான் மரியாதையாம். அதைக் கேட்கும்போதெல்லாம் ஆரம்ப வருஷங்களில் இவருக்குத் திக்கென்று இருக்குமாம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு, சர்க்கார் உடுப்புப் போட்ட ஒருவர் சர்க்கார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ‘போயிட்டு வாங்க’ என்றதும், தனக்கு எல்லா அனுமதியும் கிடைத்துவிட்டது என்றே இவர் நினைத்துவிட்டார். கொழும்பில் மகளைப் பார்த்த முதல் நாளே, “நம்ம ஆபீசர் என்னைப் போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காரு” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இதை அறியாமை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இது தமிழ் தெரிந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய அறியாமை.

8. ஆகஸ்டு மாதக் கடைசியில் மகளை அழைத்துக்கொண்டு தலைமன்னாரிலிருந்து அதே படகில் திரும்பினார். தனுஷ்கோடியில் உள்ளே வருகிறவர்களுக்கான மேசை வேறு, அதில் இருந்த அதிகாரியும் வேறு. அவர் மகளின் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்து உடனே அனுமதித்தார். தகப்பனின் விசாவைப் பார்த்துவிட்டு, இது செலவாகிவிட்டது, வந்த படகிலேயே திரும்பிப் போக வேண்டும் என்றார். மூன்று மாதத்தில் பாதிகூட முடியவில்லையே என்று என் கணவர் கேட்டதற்கு, நாள் இருக்கிறது, நுழைவு இல்லை என்று பதில் வந்தது. ஐயா, இறைவன் நாடினால் வருகிறேன் என்றுதான் இவர் சொல்லிவிட்டுப் போனார். இறைவன் நாடி, கடலைத் தாண்டிக் கொண்டுவந்து, மேசை வரைக்கும் சேர்த்துவிட்டான். அதற்குமேல் மேசைதான் நாட வேண்டியிருந்தது.

9. அன்று நான் தனுஷ்கோடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகத் திருச்சி ஜங்ஷனில் காத்திருந்தேன். இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டி எடுத்துப் போயிருந்தேன். வண்டி வந்து நின்றதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மகள் ஒருத்தி மட்டும் இறங்கினாள். அவள் கையில் அவருடைய குடை இருந்தது. அவர் எங்கே என்று நான் கேட்கவில்லை. பெட்டி தூக்குகிறவர்தான் கேட்டார், இன்னும் யாராவது இறங்க வேண்டுமா என்று.

10. நடந்ததை மகள் சொன்னபோது நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். திரும்பிப் போகும்போது அத்தா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லலம்மா. குடையை என் கையில குடுத்துட்டு, திரும்பிப் பார்க்காம நடந்துட்டாங்க” என்றாள். ஐயா அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நம்மவர்கள் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வரேன் என்று சொல்லித்தான் கிளம்புவோம். மவுத்து விழுந்த துக்க வீட்டிலிருந்து மட்டும்தான் சொல்லாமல் எழுந்து போவோம். பதினேழு வருஷப் பிரிவுக்குப் போனபோதுகூடச் சொல்லிவிட்டுப் போனவர் இந்த முறை சொல்லவில்லை. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு ஆறவில்லை. இந்த மனுவை நான் எழுதுவதற்கு அதுதான் காரணம், சட்டமெல்லாம் பிறகுதான்.

11. மேலிடத்துக்கு முதல் மனு அனுப்பினேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது. என் கடைக்கு வளையல் வாங்க வரும் ஓர் அம்மாளின் வீட்டுக்காரர், ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் இருக்கும் ஆளவந்தார் அய்யங்கார், வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எடுத்துப் போய்ப் படித்துக் காட்டச் சொன்னேன். அதில் கண்டது இதுதான்: பயணி இந்தியாவை விட்டு வெளியேறும்போது, திரும்பி வரும் எண்ணத்தைத் துறையில் இருந்த அதிகாரியிடம் தெரிவித்திருந்தால், மறுபடி நுழைவதற்கான அனுமதி அங்கேயே பாஸ்போர்ட்டில் குறித்துக் கொடுக்கப்பட்டிருக்கும், அவர் தெரிவிக்கவில்லை, ஆகவே ஒன்றும் செய்வதற்கில்லை. இதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. தெரிவித்தாரே, அதுதானே முதல் வார்த்தை என்று, அவர் சொன்னதையும் அதிகாரி சொன்னதையும் அப்படியே எழுதி இரண்டாவது மனு அனுப்பினேன்.

12. அதற்கும் பதில் வந்தது. மறுபடியும் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். அய்யங்கார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அது வெறும் உபசார வார்த்தையாம்மா. புறப்படறவா எல்லாரும் சொல்றது. அதை எண்ணத்தைத் தெரிவிச்சதா எடுத்துக்க முடியாதுன்னு எழுதியிருக்கா” என்றார். உபசார வார்த்தை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். சொல்லுவோமே தவிர மனசில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லாத வார்த்தை என்று விளக்கினார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அவர் என்னைச் சமாதானப்படுத்துவதற்காக, “நம்பெருமாள் புறப்பாடு கண்டருளினா திரும்பி ஆஸ்தானம் சேராம இருக்கறதுண்டோ? கோபுர வாசல்ல நிறுத்தி, நீர் ஒரு தடவை உள்ளே வந்தாச்சேன்னு யாராவது கேக்கறாளோ?” என்றார். அது கோயில் சாமி வீதி உலா போய் வருவதைப் பற்றிய அவர் மார்க்கத்து உதாரணம். ஆனாலும் நியாயம் எங்களுக்கும் பொருந்துவதால் இங்கே எழுதியிருக்கிறேன்.

13. பிறகு நான் தனுஷ்கோடிக்கே போனேன். எட்டு மாதக் கர்ப்பிணியைப் பக்கத்து வீட்டு ரோஷன் பேகத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனேன் என்றால் என் நிலைமை ஐயாவுக்கு விளங்கும். அடைக்கலராஜ் அவர்களைப் பார்த்தேன். வையம்பட்டிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று, தன் நாற்காலியை எனக்குப் போட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னார். “சொன்னாரும்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மழையே இல்லாத நேரத்துல குடையோட வந்தாரேன்னு நாங்க சிரிச்சோம். போயிட்டு வரேங்கன்னாரு, நானும் போயிட்டு வாங்கன்னேன்” என்றார். அப்படியானால் மறுபடி நுழைய அனுமதி ஏன் குறிக்கவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். “ஒரேயடியா பொட்டி கட்டிக்கிட்டுப் போறவங்களும் அதையேதாம்மா சொல்றாங்க. அழுதுகிட்டே சொல்றாங்க. அதுல யாரு நெசமா சொல்றாங்கன்னு நான் எப்படிக் கண்டேன்? நான் சொல்றதும் அப்படித்தான். கிளம்புற மனுஷரைப் பார்த்துப் போங்கன்னு சொல்ல வாய் வருமா?” என்றார்.

14. அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வராது. ஐயா அவர்களுக்கும் வராது என்று நம்புகிறேன். அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று இந்த மனுவின் மூலம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தான் கேட்டதையும் தான் சொன்னதையும் யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தன் வேலைக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார். நான் திரும்பும்போது ரயிலடி வரைக்கும் கூட வந்தார். வண்டி நகர்ந்தபோது வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நிறுத்திக்கொண்டு கையை மட்டும் அசைத்தார். அவருடைய வார்த்தையையும் நான் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

15. தற்போதைய நிலை வருமாறு. என் கணவர் தலைமன்னாரில் பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையில் தங்கியிருக்கிறார். கொழும்பில் உள்ள நம் நாட்டு அலுவலகத்தில் புதிய விசா கேட்டதற்கு, குடியிருக்கும் தேசத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், ரங்கூனுக்குப் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இலங்கை அரசு அவருக்குக் கொடுத்திருக்கும் தவணை இந்த அக்டோபர் மாத நடுவோடு முடிகிறது. அதன் பிறகு கொழும்பில் கப்பலேற்றி ரங்கூனுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே இப்போது இருக்கும் ஆட்சியில், ஒரு முறை வெளியே போய் வந்தவரை மறுமுறை விடுவது அபூர்வம் என்று அங்கிருந்து வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்கு வயது ஐம்பத்தாறு. இந்த முறை அந்தக் கப்பல் ஏறிவிட்டால், அவரை நான் இனிமேல் பார்க்கப்போவதில்லை. இந்த இடத்தில் எழுத்து சரியில்லை என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

16. மருமகன் நசுருதீன் கொழும்பிலிருந்து போய் அவரைப் பார்த்து வந்தார். வேளைக்குச் சாப்பிடுகிறார், தொழுகிறார், ஆனால் பேச்சு குறைந்துவிட்டது என்று சொல்லியனுப்பினார். இந்தியாவுக்குப் படகு கிளம்பும் நேரத்தில் தவறாமல் துறைக்குப் போய் ஓரமாக நிற்கிறாராம். எதற்கு மாமா வெயிலில் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “போறவங்க எல்லாரும் என்ன சொல்லிட்டுப் போறாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாராம். குடையை மகளிடம் கொடுத்துவிட்டதால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாராம்.

17. இங்கே என் மகளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளை பிறந்ததும் அதன் காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்ல வேண்டும். பிள்ளையின் தகப்பனுக்குக் கடையை விட்டு வர வழியில்லை. பாட்டனார் சொல்வார் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். அவரும் கொழும்பிலிருந்து வரும் வழியெல்லாம் குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார் என்று மகள் சொல்கிறாள். பள்ளிவாசல் இமாம் வந்து சொல்லிவிட்டுப் போவார், அதில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். குடையைக் கட்டில் காலில் மாட்டி வைத்திருக்கிறாள். யாரையும் எடுக்க விடுவதில்லை.

18. என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் கடைக்கு இந்த ஊர்ப் பெண்களும் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பெண்களும் வருகிறார்கள். வளையலைப் போட்டுக்கொண்டு, “போயிட்டு வரோம் ஹாஜிராம்மா” என்று சொல்வார்கள். நானும், “போயிட்டு வாங்கம்மா” என்று சொல்லி அனுப்புவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான். இப்போது அந்த வார்த்தையை நான் சொல்வதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறேன். என்ன கோபம், வளையல் விலையில் பேசியது மனசில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்னவென்று சொல்வது? அந்த வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது என்று சர்க்காரே எழுதிவிட்டது என்றா?

19. ஆகவே நான் கேட்பது இதுதான். என் கணவர் திரும்பி வரும் எண்ணத்தைத் தெரிவிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால்தான் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. அவர் தெரிவித்தார். தமிழில் தெரிவித்தார். கேட்ட அதிகாரி தமிழர், கேட்டதை ஒப்புக்கொள்கிறார். அந்த வார்த்தையை வார்த்தையாகவே ஏற்றுக்கொண்டு, விசாவில் மீதமிருக்கும் நாட்களுக்காவது அவரை உள்ளே விடும்படி ஐயா அவர்கள் மேலிடத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டும். மீதி நாட்கள் கொஞ்சம்தான் என்று எனக்குத் தெரியும். நீட்டித்துக் கொடுங்கள் என்று அதற்குப் பிறகு வந்து கேட்பேன். இப்போது அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் போதும். பரிந்துரை தாமதமாகப் போனால் பயன் இல்லை. இத்துடன், வெளியே போகும் மேசையின் மேல் தமிழில் ஒரு பலகை எழுதித் தொங்கவிட உத்தரவு வாங்கித் தர வேண்டும். கப்பலில் வந்து ரயிலில் போய்ப் படகில் கடப்பவர்கள் என் கணவர் ஒருவர் மட்டுமல்ல. திரும்பி வருகிறவர்கள் வாயால் சொன்னால் போதாது, பாஸ்போர்ட்டில் எழுதி வாங்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால், இன்னொரு வீட்டில் இது நடக்காது.

20. கடைசியாக ஒன்று. இந்த மனுவை எந்த நேரத்தில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று விசாரிக்க நேற்று தங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். ஐயா முகாமுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நான் படியிறங்கும்போது வாசலில் இருந்த சேவகர் வீரமலை என்பவர், “போயிட்டு வாங்கம்மா” என்றார். திரும்பி, நிஜமாகச் சொல்கிறீர்களா, உபசாரத்துக்குச் சொல்கிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். அவர் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு, “இதென்னம்மா கேள்வி? நீங்க திரும்ப வந்தாத்தானே உங்க வேலை ஆகும்?” என்றார். இத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியதில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் உண்டு என்று எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

21. இன்று இந்த மனுவைத் தங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். வரும் திங்கட்கிழமை காலையில் பதிலுக்காக வந்து நிற்பேன். அன்று இல்லையென்றால் அதற்கடுத்த நாளும் வருவேன். ஆகவே முறைப்படி சொல்லிக்கொள்கிறேன்: ஐயா, போய் வருகிறேன். இது உபசார வார்த்தை அல்ல.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 27-9-1963

வழி பார்த்திருக்கும்,
ஹாஜிரா பீவி
(முகம்மது கனியின் மனைவி)